டாக்டர் வேடமும் அரை அடிப் பலகையும்

மார்ச் 4

ஒன்பது வருடமாக டெலிவிஷன் நாடகங்களில் தேநீர்த் தட்டு ஏந்திய கைக்கு இன்று கத்தி கிடைத்திருக்கிறது. டாக்டர் வேடம்! ஒரு முழு ஆபரேஷன் காட்சி, நான்கு பக்க வசனம். அக்காவிடம் சொன்னேன். "நோயாளி பொழைப்பானா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 7

ஒப்பனைக்காரர் முகத்தில் மூன்று பூச்சு பூசினார். "டாக்டர்னா படிச்சவங்கம்மா, கொஞ்சம் வெளுப்பா இருக்கணும்." போன மாதம் வேலைக்காரியாக நடித்தபோது இதே மனிதர்தான் கரியைத் தடவினார். என் சொந்த நிறத்துக்கு என்ன வேடம் என்று கேட்டேன். "அதுக்கு இன்னும் யாரும் எழுதலையேம்மா" என்றார், கிண்டலே இல்லாமல்.

மார்ச் 9

கதாநாயகன் என்னைவிட அரை அடி குட்டை. வழக்கம்போல் அரங்கில் தச்சர் அவருக்கொரு பலகை போட்டுவிட்டார். கேமராவுக்கு இடுப்புக்கு மேல்தான் தெரியும். என் கணவராக, ஓர் என்ஜினீயராக, மூலையில் அந்தப் பலகைமேல் நின்று ஆபரேஷனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பலகைமேல் ஏறியதும் மனிதருக்குக் குரலே கனத்துவிடுகிறது.

மார்ச் 11

போச்சு. எல்லாம் போச்சு.

தயாரிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். "கதையில ஒரு சின்ன மாத்தம். கத்தி எடுத்ததும் உங்களுக்குக் கை நடுங்குதும்மா. அவர் வந்து வாங்கி, ஆபரேஷன முடிச்சிடுறாரு."

"ஐயா, அவர் பாலம் கட்டுறவரு."

"ஆம்பளதானேம்மா, சமாளிச்சுப்பாரு."

நான்கு பக்கமும் அவருக்கு. எனக்கு மிச்சம் ஒரு விம்மல். ஒரு பொம்பள வயித்தக் கீறினா இவங்க குடியா முழுகிடும்? வீட்டுக்கு வந்து அழுதேன். "அதத்தானே கேக்குறாங்க, இனாமா எதுக்குக் குடுக்குற?" என்றாள் அக்கா.

மார்ச் 12

மாடி அறையில் ஒத்திகை. அங்கே பலகை கிடையாது. அவர் தரையில் நடந்து வந்து கத்தியை வாங்கினார். "நீங்க இன்னும் நல்லா நடுங்கணும்" என்றார் டைரக்டர்.

மார்ச் 14

நேரடி ஒளிபரப்பு. நிறுத்தவோ திருத்தவோ முடியாது. கத்தியை எடுத்தேன், நடுங்கினேன், காத்திருந்தேன். அவர் வரவில்லை.

கதையை மாற்றியவர்களுக்குப் பலகையை ஆபரேஷன் மேஜைவரை நீட்டத் தோன்றவில்லை. இறங்கினால் ஊர் பார்க்க அரை அடி குறைந்துவிடுவார். விளிம்புவரை வந்தார், கீழே பார்த்தார், நின்றுவிட்டார். பிறகு அதே கனத்த குரலில், "நீயே செய். உன்னால் முடியும்" என்றார்.

செய்தேன். நான்கு பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் பேசினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

மார்ச் 16

பத்திரிகையில் பாராட்டு. 'மனைவிக்கு வழிவிட்ட பெருந்தன்மை' என்று அவர் படம். ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது.

மார்ச் 21

தயாரிப்பாளர் அழைத்தார். "நேயர்கள் உங்களத்தான் கேக்குறாங்கம்மா. அடுத்ததுல நீங்க வக்கீல். ஆனா முதல் காட்சியிலேயே கால் ஒடிஞ்சு, கடைசிவரைக்கும் சக்கர நாற்காலி." கதாநாயகனைவிட நான் உயரமாகத் தெரியாமலிருக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

"வசனம் எத்தன பக்கம்?"

"பதினொண்ணு. இப்போதைக்கு."

அந்தப் பதினொன்றையும் வாங்கி வந்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். நாளைக்கே மாற்றி எழுதினாலும் எழுதட்டும். நேரடி ஒளிபரப்புதானே.