இரும்புத் தண்ணீர்

அன்புள்ள மாஸ்டருக்கு,

நானும் சின்னவளும் நலம். நீங்களும் நலம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். போன வாரம் வரை அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தாலே நீங்கள் "சரி, சரி" என்பீர்கள், எனக்குக் கோபம் வரும், இரண்டு பேரும் வேறெதற்கோ சண்டை போட்டுவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் குளத்துச் செய்தி. உடைந்த ஓடுகளை மாற்றுவதற்காகப் பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தை முழுக்கக் காலி செய்தோம். திரும்ப நிரப்பக் குழாய்த் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை மூன்று நாள் ஓட விட்டோம். தண்ணீர் பளிங்கு மாதிரி வந்து விழுந்தது. வாளியில் பிடித்து வைத்தது மட்டும் மறுநாள் லேசாக மஞ்சளித்திருந்தது. பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஏன் என்று கேளுங்கள். உங்கள் கடைசி மூன்று கடிதங்களிலும் அந்த வாட்டர் மேடம்தான். நீங்கள் அங்கே நீச்சல் சொல்லிக்கொடுக்கும் குளத்தை அவர் பார்த்துக்கொள்கிற அழகில், ஊசி விழுந்தாலும் மேலேயிருந்து தெரியுமாம். அவர் தினமும் இரண்டு வேளை தண்ணீரைச் சோதிப்பாராம். அவசரத்துக்கு உங்கள் போன் கிடைக்காவிட்டால் அவர் நம்பரில் கூப்பிடு என்று வேறு எழுதியிருந்தீர்கள். பதினொரு வருடமாக நானும் குளம்தான் பார்க்கிறேன். என் தண்ணீரைப் பற்றி நீங்கள் யாருக்காவது ஒரு வரி எழுதியிருப்பீர்களா? வயிறு எரிந்தது. நம் குளமும் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒரே வெறி.

அதனால் காலையில் போனதும், கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டிய குளோரினை மொத்தமாகக் கரைத்து ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பச்சையானது. மத்தியானத்துக்குள் பழுப்பு. படிக்கட்டிலும் புது ஓட்டிலும் துருக்கறை. தலைமையாசிரியை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, டீ போட்டு வச்சிருக்கியா?" என்றார். சிரிக்கவில்லை. எட்டு நாளில் பள்ளிகளுக்கிடையே போட்டி. அதற்குள் சரியாகாவிட்டால் போட்டி வேறு இடத்துக்குப் போகும், குளத்தையும் வெளி ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பதினொரு வருடம் ஒரே காலையில் கரைந்துவிடும் போலிருந்தது.

உங்களுக்கு நாலு தடவை அடித்தேன். வகுப்பு நேரம், போனைப் பூட்டி வைத்திருப்பீர்கள். அந்த நம்பரை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் மானத்தை மடித்து வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

எடுத்ததுமே "மாஸ்டர் வீட்டு அக்காவா?" என்றார். அக்கா என்றது எனக்குப் பிடிக்கவில்லை. குரலில் என்னைவிடச் சின்னவர் மாதிரி தெரிந்தது, அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் பொறுமையாகக் கேட்டார். "தண்ணியில இரும்பு கரைஞ்சிருக்குக்கா. கரைஞ்சிருக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவா வெளிய வந்துடும். இனிமே ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க" என்றார். படிவு மருந்தைக் கலந்து பம்பை நிறுத்தி வைக்க வேண்டும், துரு அடியில் தங்கியதும் அதை வடிகட்டிக்குள் விடாமல் நேராக வெளியே உறிஞ்சித் தள்ள வேண்டும். வெளியே போன அளவுக்குப் புதுத் தண்ணீர் விடும்போது, முதலில் இரும்பைக் கட்டிப்போடும் மருந்தை ஊற்றி ஒரு நாள் சுற்ற விட்டு, அதன் பிறகுதான் குளோரின், அதுவும் கைப்பிடி கைப்பிடியாக. கறை இரும்புதானா என்று பார்க்க வைட்டமின் சி மாத்திரையைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். சின்னவளின் மாத்திரை ஒன்றை எடுத்துப் போய்ப் படியில் தேய்த்தேன். விரல் அகலத்துக்கு வெள்ளையாக வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் நன்றி சொல்லி வைக்கப் போகும்போதுதான் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "மாஸ்டர் முட்டிக்கு ஊசி போட்டதிலேர்ந்து தேவலக்கா. இப்ப படி ஏறுறாரு, கவலப்படாதீங்க."

"ஆமா, சொன்னாரு" என்றேன்.

பொய். நீங்கள் சொல்லவில்லை. படி ஏற முடியாத அளவுக்கு வலித்திருக்கிறது. எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. ஊசி போட யார் கூட வந்தது என்று கேட்க வாய் வரவில்லை. குளம் கலங்கியதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. இதற்கு யாரைக் கேட்பேன்?

அவர் சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன். இரண்டு தடவை அடியில் தங்கியதை உறிஞ்சி எடுத்தேன். ஆறாம் நாள் குளத்தின் அடியில் போட்ட கோடுகள் தெரிந்தன. போட்டி நம் குளத்திலேயே நடந்தது. சின்னவள் நாலாவதாக வந்தாள். மூன்றாவது வந்த பிள்ளை நகம் வளர்த்திருந்ததால்தான் முந்தியது என்று இன்னும் வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள். தலைமையாசிரியை வெளி ஆள் பேச்சை எடுக்கவில்லை. மேல்படியில் மட்டும் கொஞ்சம் கறை பாக்கி. போட்டோ எடுக்கவில்லை, மனசு வரவில்லை.

அந்த மேடத்துக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நல்ல மனுஷி. தன் வேலையைத் தெரிந்தவர். இதை எழுதவும் எனக்குக் கசக்கத்தான் செய்கிறது, இருந்தாலும் உண்மை.

முட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் வேகமாக நடக்காதீர்கள். அங்கே யார் எந்த மருத்துவரிடம் கூட்டிப் போனாலும் போங்கள், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இனி எங்கே வலித்தாலும் முதலில் எனக்கு எழுதுங்கள். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ என்ன செய்துவிடுவாய் என்று கேட்காதீர்கள். ஒன்றும் செய்ய முடியாதுதான். உட்கார்ந்து கவலைப்படுவேன். அந்த ஒரு வேலையையாவது வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி