படிவத்தில் நான் எழுதிய 'இல்லை'

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பேச்சு உடம்புப் பக்கம் திரும்பினாலே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். எனக்கும் நேரில் வாய் வராது. எழுதினால் வரும்.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. பல் செட்டுக்கு அளவெடுக்கும் அறையில் எனக்கென்று ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. பெரிய டாக்டர் இப்போதெல்லாம் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பதில்லை.

போன வாரம் ஓர் ஓட்டுநர் வந்தார். சர்க்கரை இருப்பதை மறைத்து, வேறெங்கோ எல்லாப் பற்களையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டவர். புண் ஆற நாளாகி, ஈறு சுருங்கி, அவசரமாகச் செய்த செட் வாயில் ஆடியது. "நான் பேசறதுக்கு முன்னாடியே இது பேசிடுது, டாக்டரம்மா" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் உங்கள் நினைவு வந்தது.

விடுமுறையில் உங்களோடு அந்தப் பல் மருத்துவமனைக்கு வந்தேனே. "படிச்ச பொண்ணு எழுதட்டும்" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிப் படிவத்தை நீட்டினீர்கள். சர்க்கரை உண்டா என்ற இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினீர்கள்: "இல்லன்னு போடும்மா. சொன்னா பல்லு வைக்க மாட்டாங்க." இதய மாத்திரைக்கும் அதே. பல் டாக்டர் பட்டம் வாங்கிய நான், இரண்டு இடத்திலும் அழகாக 'இல்லை' எழுதினேன்.

வைப்பார்கள் அப்பா. சுருங்கும் துணி என்று தெரிந்தால் நனைத்து உலர்த்திய பிறகுதானே கத்தரி வைப்பீர்கள்? இதுவும் அப்படித்தான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சில சில பற்களாக எடுத்து, ஆறவிட்டு அளவெடுப்பார்கள். அக்கா கல்யாணத்துக்குத் தற்காலிக செட்டோடு நிற்கலாம். நூலைப் பல்லால் கடிப்பதை மட்டும் விட வேண்டியிருக்கும்.

பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று பயந்து நீங்களாகவே இதய மாத்திரையை நிறுத்தப் போகிறீர்களாம், அம்மா சொன்னாள். வேண்டாம். இதை டாக்டர் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்று அந்தப் பல் டாக்டரும் உங்கள் இதய டாக்டரும் பேசிக்கொள்ளட்டும்.

கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் இரண்டு 'இல்லை'யையும் திருத்தி, மாத்திரைப் பெயர்களோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நானே அந்தப் பல் டாக்டருக்குப் போன் செய்யலாம். உங்களை மீறிச் செய்ய மனம் வரவில்லை.

பத்தாம் தேதி பல் எடுக்க அந்த நாற்காலியில் சாய்வதற்கு முன், இதை நீங்களே அவர் கையில் கொடுங்கள் அப்பா. படிச்ச பொண்ணு எழுதினது என்று, அன்று போலவே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

உங்கள்,
சின்னவள்