சூசியின் வெள்ளைக் குட்டிகள்

ஊசிமலைத் தோட்டம்,
டிக்கோயா.
5.3.1957

அன்பான அம்மாக்கண்ணுக்கு,

துரைசாணியின் பிரசவத்துக்குத் துணையாக நீ கொழும்புக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். ஆயா இல்லாத பங்களா களையிழந்து கிடக்கிறது. குசினியில் நான் பொங்கியதை நானே தின்று இளைத்துவிட்டேன். விறகு கொண்டுவரும் உன் தம்பி அழகுமுத்து, “மச்சான், அக்கா கடுதாசி போட்டுச்சா?” என்று கேட்காத நாளில்லை. வரும்போதெல்லாம் எனக்கென்று அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருகிறான். தங்கமான பிள்ளை.

அம்மாக்கண்ணு, உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு, துரைசாணி தன் சயாம் பூனை சூசியைக் கொழும்பில் இன்னொரு சயாம் கடுவனோடு சேர்த்துக் கொண்டுவந்தார் அல்லவா? வந்த பிறகும் அது அடங்கவில்லை. கைக்குழந்தை வீறிடுவது போலக் கத்திக்கொண்டு தரையில் உருண்டது. வயிற்று வலியாக்கும் என்று காற்றுப்பட ஜன்னலைத் திறந்தேன். பாய்ந்து போய்விட்டது. ஒரு மணி நேரம் தேடி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கண்டேன். லயத்துக் காளியாயியின் வெள்ளைக் கடுவன் அதன் பிடரியைக் கவ்விக்கொண்டு மேலே கிடந்தான்.

இப்போது சூசிக்கு நிறை வயிறு. குட்டிகளைக் கிளப்பில் இருக்கும் துரைமாருக்கெல்லாம் தருவதாக நம் துரை வாக்குக் கொடுத்திருக்கிறார். சூசியைப் போலக் காதும் வாலும் கறுப்பாக இல்லாமல் குட்டி வெள்ளையாகப் பிறந்தால் என் முதுகில் தோல் மிஞ்சாது. காரில் விழுந்த ஒரு கீறலுக்காக டிரைவரை அடித்த அடி உனக்குத் தெரியும். துரைசாணிக்குச் சந்தேகம் ஏதும் உண்டா என்று பக்குவமாகக் கேட்டு எழுது.

உன் சோலைமலை

•

கொழும்பு.
10.3.1957

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். துரைசாணிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, நல்ல கனம். இந்த ஊர் வெக்கையில் எனக்குத்தான் உடம்பெல்லாம் வேர்க்குரு.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பூனை கத்தினால் வயிற்று வலி என்று நினைத்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அப்புறம் எனக்கும் பயம் வந்தது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே, “சூசி குட்டியெல்லாம் எப்படிங்கம்மா இருக்கும்?” என்று கேட்டேன். துரைசாணி தன் அரைகுறைத் தமிழில் சொன்னதைக் கேளுங்கள். சயாம் குட்டி எல்லாமே பிறக்கும்போது பால்வெள்ளையாம். தாய் வயிற்றுச் சூட்டில் நிறம் பிடிக்காதாம். வெளியே வந்த பிறகு குளிர் படுகிற இடமெல்லாம், காது, மூக்கு, பாதம், வால் எல்லாம், ஒரு வாரம் பத்து நாளில் கறுக்குமாம். மலைக்கு வந்த பிறகு சூசியே முன்னைவிடக் கறுத்ததற்கு நம் ஊர்க் குளிர்தான் காரணமாம்.

அதனால் குட்டி வெள்ளையாகப் பிறந்தால் பதறாதீர்கள். பத்து நாள் பொறுங்கள். கறுக்காவிட்டால் அப்போது யோசிக்கலாம். ஆண் பூனை எதையும் குட்டி போடும் பெட்டிப் பக்கம் விடக்கூடாது, குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிடும் என்று துரைசாணி துரைக்கும் எழுதியிருக்கிறார். கதவில் கவனம்.

தம்பிக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் அம்மாக்கண்ணு

•

ஊசிமலைத் தோட்டம்.
11.3.1957

அம்மாக்கண்ணு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் சூசி ஐந்து குட்டி போட்டது. ஐந்தும் வெள்ளை. தேடினாலும் ஒரு கறுப்பு மயிர் இல்லை. துரை தேயிலை ஸ்டோருக்குப் போயிருந்தார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகினேன். கண் திறக்காதவை, கையில் வெதுவெதுவென்று இருந்தன. சூசி என் வலது கையை எலும்பு வரை கடித்துத் தொங்கியது. உதறிச் சுவரில் அடித்தேன். நாலாவதை முடிப்பதற்குள் அது எழுந்து ஐந்தாவதைக் கவ்விக்கொண்டு எங்கோ ஓடிவிட்டது. கடுவன் கடித்தது போலத் தெரிவதற்காகக் கறிக்கத்தி நுனியால் பிடரிகளில் குத்தி, பெட்டியைச் சுற்றிப் போட்டேன்.

துரை வந்து பார்த்தார். லயத்துக் கடுவன் உள்ளே வந்துவிட்டது, விரட்டப் போய் எனக்கும் கடி என்று கையைக் காட்டினேன். “கதவத் தொறந்து போட்டது யாரு?” என்றார். “அழகுமுத்துதாங்க கடைசியா வந்தான்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அம்மாக்கண்ணு. உன் தலைமேல் சத்தியமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவனைக் கூப்பிட்டு வரச்சொல்லிக் குசினி வாசலிலேயே அடித்தார். கைத்தடி முறிந்தது. முறிந்த துண்டால் முகத்தில் குத்தினார். விழுந்தவனைப் பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தார். “நான் சாத்திட்டுத்தாங்க போனேன் தொரை, மச்சானக் கேளுங்க” என்று கத்தினான். துரை என்னைப் பார்த்தார். நான் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இடது கண் போய்விட்டதாம். வேலை நீக்கிப் பத்துச்சீட்டும் கொடுத்தாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் அவன் பெண்டாட்டி ராசம்மா பிள்ளைகளோடு லயத்துக் காம்பிராவைக் காலி செய்ய வேண்டும்.

நேற்றுத் துரை துப்பாக்கியோடு லயத்துக்குப் போனார். பதினொரு பூனை. காளியாயி தன் கடுவனை முந்தானைக்குள் கட்டிப்பிடித்திருந்தாள். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு அதைப் பிடுங்கி எறிந்தார், துரை சுட்டார். அவள் மண்ணை வாரி எறிந்து சாபமிட்டதை என் காதால் கேட்டேன்.

கைக்காயத்தைப் பார்த்துத் துரை தன் பழைய கோட்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார். நல்ல கம்பளி.

சோலைமலை

•

கொழும்பு.
14.3.1957

மாமா,

என் கடிதம் இதற்குள் உங்கள் கையில் கிடைத்திருக்கும். உங்கள் கடிதம் கண்ட அன்றே பதில் எழுதியிருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொள்கிறேன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் உங்களுக்குக் கிழங்கு கொண்டுவந்தவன். மச்சானைக் கேளுங்கள் என்று உங்களை நம்பிச் சொன்னவன்.

உடனே துரையிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். அடிப்பார். அடிபட்டு வாருங்கள், நான் ஒத்தடம் கொடுக்கிறேன், கஞ்சி ஊற்றுகிறேன். வேலை போனால் வலப்பனைப் பக்கம் எங்காவது கொழுந்து பறித்து உங்களுக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிறேன். ராசம்மா பாத்திரம் பண்டத்தோடு ரோட்டில் நிற்கும் முன்பு சொல்லிவிடுங்கள். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

உங்கள் அம்மாக்கண்ணு

•

ஊசிமலைத் தோட்டம்.
21.3.1957

அன்பான அம்மாக்கண்ணுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. கை சீழ் பிடித்து வீங்கி, மருந்துக்காரர் கீறிவிட்டார். இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஐந்தாவது குட்டி உயிரோடிருக்கிறது. விறகுப் பரண் மேல் சூசி அதை மறைத்து வைத்திருந்தது. கண் திறந்துவிட்டது, நீலக் கண். காது இரண்டிலும் அடுப்புக்கரி ஒட்டியிருக்கிறது என்று ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. வால் நுனியிலும் போகவில்லை. அப்புறம்தான் நீ எழுதியது நினைவுக்கு வந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனையும் நல்ல சாதிக் குட்டிகள், அம்மாக்கண்ணு.

துரைக்கு ஒரே சந்தோஷம். நான்தான் குட்டியைக் காப்பாற்றினேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறார். இந்த நேரத்தில் நான் எப்படி வாயைத் திறப்பது? அவன் கண் போனது போனதுதான். நானும் அடி வாங்கினால் திரும்பி வந்துவிடுமா? ராசம்மாவுக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன். நீ படித்ததும் என் கடிதங்களை எரித்துவிடு.

சூசிதான் என்னைக் கண்டால் முதுகு மயிரைச் சிலிர்த்துச் சீறுகிறது. போகப் போகச் சரியாகிவிடும்.

உன் சோலைமலை

•

கொழும்பு.
25.3.1957

சோலைமலைக்கு,

கடிதங்களை எரிக்கவில்லை. பதினோராம் தேதி எழுதியதைத் துரைசாணிக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். புரியாத இடத்தில் கையால் செய்து காட்டினேன். அவர் நாலு குட்டிக்காகவும் அழுதார். என் தம்பியின் கண்ணுக்காக அழவில்லை. ஆனாலும் நான் நகராமல் நின்றதால், அழகுமுத்து மேல் குற்றமில்லை, காம்பிராவைப் பிடுங்க வேண்டாம் என்று துரைக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். யார் மேல் குற்றம் என்பதும் அதில் இருக்கிறது.

வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். கம்பளிச் சட்டையோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து ராசம்மாவின் காம்பிராவுக்குப் போவேன். உங்கள் காம்பிராவில் கிடக்கும் என் சேலைகளைக் காளியாயியிடம் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் போய்ச் சொல்லியிருந்தால் உங்கள் காயத்துக்கு நான்தான் மருந்து போட்டிருப்பேன். அதை நினைத்துத்தான் இன்னும் எனக்கு அழுகை வருகிறது.

இந்தக் கடிதத்துக்கு முன்பே தந்தி வந்துவிடும். அந்தக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் நில்லுங்கள். துரை தடியை ஓங்கும்போது இன்னொருவர் பெயரைச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
அழகுமுத்துவின் அக்காள்
அம்மாக்கண்ணு