கறுப்பனின் ஈரக்கால்

மார்கழி, வெள்ளி இரவு.

மருமகள் கனடாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் என் நாய் கறுப்பன் முன்னங்காலை நீட்டிப் படுத்திருந்தான். விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம். பனி உருக ரோட்டில் உப்புப் போடுகிறார்களாம்.

“நீங்க சொன்ன மாதிரி உப்பு போகக் கழுவிட்டுத்தான் இருந்தேன், அத்தை.”

“தொடச்சியா?”

“தொடைக்கச் சொல்லலையே லா.”

ஈரக்காலோடு மறுபடியும் பனியில் நடத்தியிருக்கிறாள். இங்கே பாக்கார் ஆராங் வெயிலில் வாசல் குழாயில் கழுவினால் உள்ளே வருவதற்குள் காய்ந்துவிடும். துடைப்பது எனக்கு எங்கே தோன்றும்?

என்னைக் கேட்காமல் அவனைக் கொண்டுபோனவள். அதை நான் மறக்கவில்லை. ஈரம் உறைந்து அவனுக்கு இரண்டு விரல் தேறாதாம்.

“கறுப்பா” என்றேன். வாலாட்டினான். என்னிடம் வர எழுந்தான். காலை ஊன்ற முடியாமல் சரிந்தான்.

“போன வைடி” என்றேன்.