கருப்பம்மாள் வீட்டு வெள்ளைக் காக்கை

3 மார்ச் 1981, செவ்வாய்
பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளின் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து ஒரு காக்கைக் குஞ்சு சாக்கடையில் விழுந்து கிடந்தது. முழுக்க வெள்ளை. அலகு கூட வெளிர் சிவப்பு. எடுத்து மதில்மேல் விட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

4 மார்ச்
பேப்பர் வாங்கப் போனபோது தாய்க் காக்கை என் வழுக்கைத் தலையில் ஒரு கொத்து. ரத்தம். டாக்சிக்காரன் பத்துமலை சிரித்தான். “ரிட்டையர் ஆகியும் பிள்ளைங்க உங்கள விடமாட்டேங்குதா, வாத்தியாரே?”
விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டால், ஓடி வரும் தாய் நாம்தான் தள்ளினோம் என்று சண்டைக்கு நிற்பாள். அந்தக் கதைதான்.

9 மார்ச்
தொப்பி போட்டுப் பார்த்தேன். குடை பிடித்துப் பார்த்தேன். முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், கத்துகின்றன. அன்று அங்கே இல்லாத காக்கைகளும் சேர்ந்துகொள்கின்றன. யார் சொல்லிக் கொடுத்தது?
வெள்ளை இப்போது பறக்கிறது. இறந்துபோன கணவர் சன்னாசிக்காக கருப்பம்மாள் தினமும் கூரையில் வைக்கும் சோற்றை அதுதான் முதலில் எடுக்கிறது.
“அவருதாங்க. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டிட்டு மேலெல்லாம் பால் தெறிச்சு இப்படித்தான் வெள்ளையா வீட்டுக்கு வருவாரு.”


13 மார்ச், வெள்ளி
ஞாயிறு காலை காக்கை சுட நகராட்சி ஆட்கள் வருகிறார்களாம். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் புகார் செய்திருக்கிறார்கள். பத்துமலைதான் சொன்னான். “வெள்ளைதான் மொதல்ல கண்ணுல படும். சுடுறது செனாங் லா, ரொம்ப சுலபம்.”
கருப்பம்மாள் ஓடி வந்தாள். “ஒரு கூண்டு வாங்கியாந்து குடுங்க வாத்தியாரே.”
காட்டுப் பறவை, கம்பியில் மோதியே செத்துவிடும் என்றேன். சோறு வைப்பதை நிறுத்தினால் தானே இடம் மாறிவிடும் என்றேன்.
“அவருக்கு வைக்காம நான் எப்படிங்க சாப்பிடுவேன்?”

14 மார்ச்
கருப்பம்மாள் கூரையில் சோறு வைக்கவில்லை. அவளும் சாப்பிடவில்லை. காக்கைகளோ நகரவே இல்லை. கூரையைப் பார்த்தபடி மரத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. அந்த அம்மாளைப் பட்டினி போட்டதுதான் மிச்சம். பெரிய யோசனை சொல்ல வந்துவிட்டேன்!
நாளைக்கு என்ன செய்வது? என்னதான் செய்வது?
தலைக் காயம் அரிக்கிறது. — அட. இது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை?

15 மார்ச், ஞாயிறு
விடிந்ததும் தொப்பி இல்லாமல் மரத்தடியில் போய் நின்றேன். கிழிந்த குடைத்துணியைச் சுருட்டி, செத்த காக்கை போல் கையில் தொங்கவிட்டேன். ஒன்று கத்தியது. பிறகு மரமே கத்தியது. நான் நடந்தேன். எல்லாம் என் தலைக்கு மேலேயே வந்தன. வெள்ளையும்.
“ஓடாதீங்க வாத்தியாரே, ஓடினா விட்டுரும்!” சொல்லி வைத்தபடி, சோற்றுப் பானையோடு பின்னால் கருப்பம்மாள். காக்கைச் சத்தத்தில் காது கிழிந்தது. கைவிடப்பட்ட பழைய ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்தபின்தான் துணியைப் புதரில் மறைத்தேன். கருப்பம்மாள் சோற்றை வைத்தாள்.
தூரத்தில், எங்கள் தெருப் பக்கம் வெடிச் சத்தம். காக்கைகள் எழும்பின.  ஐயோ, திரும்பிப் போயிராதே, போயிராதே…
“என்னங்க, அங்க போவாதீங்க. உக்காந்து சாப்பிடுங்க,” என்றாள் கருப்பம்மாள், மேலே பார்த்து.
வட்டமடித்து, ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக வெள்ளை. அதன் பிறகுதான் அவளும் ஒரு கவளம் எடுத்தாள்.

16 மார்ச்
எங்கள் தெருவில், சாப்பாட்டுக் கடைகள் பக்கம், செத்த காக்கைகளைக் கூட்டி அள்ளுகிறார்கள். எல்லாம் கறுப்பு. வருத்தமாகத்தான் இருக்கிறது.

2 ஏப்ரல்
கருப்பம்மாள் இப்போதெல்லாம் ரப்பர் தோட்டத்துக்குத்தான் சோறு கொண்டுபோகிறாள். இன்று துணைக்குப் போனேன். பின்னந்தலையில் ஒரு கொத்து. திரும்பினால், வெள்ளை.
“அவருக்கு உங்க மேல இன்னும் கோவம் தீரல லா,” என்று சிரித்தாள்.
தீர வேண்டாம்.