திங்கட்கிழமைக்கு மிஞ்ச வேண்டும்

வோபர்ன்
03.02.2025

அன்பின் மலருக்கு,

நான் சுகம். வீடும் சுகம், குளியலறைக் குழாய் மட்டும் சொட்டுகிறது. உம்முடைய சுகத்தையும் மகள் றஜிதா, மருமகன் றூபன், பேத்தி ஆரணி எல்லோருடைய சுகத்தையும் எழுதும்.

வோபர்னிலிருந்து மார்க்கத்துக்குக் காரில் அரை மணித்தியாலம். அந்தத் தூரத்துக்கு ஒரு மனுசன் மனைவிக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறான் என்றால் தபால்காரனே சிரிப்பான். ஆனால் போனில் கதைத்தால் இரண்டாவது வசனத்திலேயே எங்களுக்குக் கொளுவல் வந்துவிடுகிறது. "கதைக்கிறதெண்டால் கடிதத்திலை கதையுங்கோ" என்று போன கிழமை நீர்தான் சொல்லிவிட்டுப் போனை வைத்தீர். சரி. கலியாணம் முடித்த நாலாம் மாதம் நான் கனடாவுக்கு வந்தேன். நீர் வந்து சேரும் வரைக்கும் ஐந்து வருஷம் கடிதத்திலேதானே குடும்பம் நடத்தினோம்? கை இன்னும் மறக்கவில்லை.

நேற்று ஒரு ஆட்டுக் கால் வாங்கி அவண் அடுப்பில் வாட்டினேன். தனி ஆள் எவ்வளவு சாப்பிடுவது? மிச்ச இறைச்சியில் இன்றைக்கு ஸ்டோவீஸ் வைத்தேன். நான் வந்த முதற் குளிர்காலத்தில் உமக்கு எழுதியிருக்கிறேன், நினைவிருக்கிறதோ? கிங்ஸ்டன் றோட்டில் என்னை வேலைக்கு எடுத்த ஸ்கொட்லாந்துக்காரி மிஸிஸ் மக்கேயின் சாப்பாட்டுக் கடையில் திங்கட்கிழமைச் சாப்பாடு அதுதான். ஞாயிறு வந்தவர்கள் தின்று மிஞ்சிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஒரே சட்டிக்குள் போகும். திங்கள் கடை பூட்டு. கழுவித் துடைக்க வரும் எங்களுக்கு அவவே சமைத்துத் தருவா. நாங்கள் பெடியள் கோப்பையை வாங்கிக்கொண்டு தொட்டியடியில் நின்று சாப்பிடப் பார்த்தோம். அவ விடவில்லை. கதிரைகளை இழுத்துப் போட்டு, ஒவ்வொருவராகத் தோளில் பிடித்து இருத்தினா. இந்த நாட்டில் என்னை இருத்திச் சாப்பாடு போட்ட முதல் மனுசி அவதான்.

இன்றைக்குச் சட்டி நன்றாக வந்தது. பகிர ஆள் இல்லை. பேத்தியைப் பார்க்க இரண்டு கிழமை என்று ஐப்பசியில் போனீர், தையும் முடியப் போகிறது. எப்போது வருகிறீர்?

அன்புடன்,
பத்மநாதன்


மார்க்கம்
08.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து அப்படியே இருக்கிறது, மயிர்தான் நரைத்துவிட்டது. பேச்சில் நீங்கள் வேறு ஆள், கடிதத்தில் வேறு ஆள். கடிதத்து ஆளை நம்பித்தான் நான் விமானம் ஏறினேன் என்று றஜிதாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆரணிக்கு இரண்டு பல்லு முளைத்துவிட்டது. கண்டதையெல்லாம் கடிக்கிறாள். இங்கே சமையல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் வேலையால் வரும்போது பையில் சாப்பாடு வந்துவிடும். மிஞ்சினால் குப்பைத் தொட்டி. எனக்கு நெஞ்சு பதறும். ஆனால் மகள் வீடு, வாயைத் திறக்க முடியாது.

குழாய்க்கு ஆளைக் கூப்பிடுங்கோ. நீங்களே திருகப் போய் முழு வீட்டையும் கேணியாக்க வேண்டாம்.

எப்போது வருவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தை சிறிது. பார்ப்போம். உங்களுக்கென்ன, குசினி இருக்கிறது, துணைக்கு அடுப்பும் இருக்கிறது. அதுக்கும் இப்போது என்னைவிட உங்களைத்தான் பிடிக்கும்.

அந்த ஸ்டோவீஸ் எப்படி வைப்பது என்று எழுதுங்கோ. ஆரணிக்கு உருளைக்கிழங்கென்றால் உயிர்.

உங்கள்
மலர்


வோபர்ன்
11.02.2025

அன்பின் மலருக்கு,

நீர் என்னிடம் சமையல் கேட்டு எழுதியதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது! இரண்டு தரம் வாசித்தேன்.

கவனமாகக் கேளும். இறைச்சி வாட்டின தட்டில் உறைந்து கிடக்கும் கொழுப்பை வழித்து எடும். அடிகனமான சட்டியில் அதை உருக்கி வெங்காயத்தை வதக்கும். பொன்னிறம் போதும், கருக விட வேண்டாம். உருளைக்கிழங்கில் பாதியை மெல்லிசாக வெட்டும், அது கரைந்து குழம்பாகும். மற்றப் பாதியைத் தடிப்பாக வெட்டும், அது துண்டாகவே நிற்கும். கிழங்கு, இறைச்சி, கிழங்கு என்று அடுக்கி, உப்பும் மிளகும் தூவி, இறைச்சியின் சாறு இருந்தால் அதையும் ஊற்றி, அரைக் கோப்பைத் தண்ணீர் விடும். இறுக்க மூடி, மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம்.

இனித்தான் முக்கியம். மூடியைத் திறக்கக் கூடாது. கிளறவே கூடாது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒருக்கால் உலுப்பலாம், அவ்வளவுதான். அடி கொஞ்சம் பிடிக்கும். அந்த அடிதான் ருசி. எங்கள் ஆட்கள் பழங்கறியைச் சுண்ட வைப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளும். உமக்கு அகப்பை போடாமல் இருப்பது கஷ்டம், எனக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு இரும்.

இங்கே சரியான பனி. குசினியில் எல்லாப் போத்தலுக்கும் கடையில் செய்வதுபோலப் பெயரும் திகதியும் ஒட்டிவிட்டேன். வந்து பார்த்தால் உமக்கே அடையாளம் தெரியாது.

அன்புடன்,
பத்மநாதன்


மார்க்கம்
17.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்டோவீஸ் வைத்தேன். சிரிக்காமல் வாசியுங்கோ.

மிச்ச இறைச்சி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மருமகனுக்கு எப்படி நேற்றைய இறைச்சியைப் போடுவது? பெண்ணைக் கொடுத்த வீட்டார் பழங்கறி வைத்தார்கள் என்று றூபனின் தாய் அறிந்தால் மார்க்கம் முழுக்கக் கதை பரவிவிடும். அதனால் காலையிலேயே புது இறைச்சி வாங்கி, வாட்டி, சூடு ஆறமுதல் வெட்டிக் கிழங்கோடு அடுக்கினேன். கொழுப்பு உறையவே இல்லை, பிறகு எதை வழிப்பது? நல்லெண்ணெய் விட்டேன்.

மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு அடி பிடிக்கும் மணம் வந்தது. அடி பிடிக்கும் மணம் வந்தும் கிளறாமல் நிற்க நான் என்ன கல்லா? ஒருக்கால் திறந்தேன், பிறகு இரண்டு மூன்று தரம். பார்க்க வெளிறிப்போய் நோயாளிச் சாப்பாடு போலக் கிடந்தது. பாவமாக இருந்தது, ஒரு கரண்டி யாழ்ப்பாணத் தூள் போட்டேன்.

கடைசியில் கூழுமில்லை, கறியுமில்லை. றூபன் மரியாதைக்கு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், பிறகு போய்ப் பாண் வாட்டினார். றஜிதா, "அம்மா, அப்பா வேணுமெண்டே உங்களுக்குப் பிழையாச் சொல்லித் தந்திருக்கிறார்" என்றாள். ஆரணி மட்டும் கைகொட்டிச் சாப்பிட்டாள். கன நாளுக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

உங்களுக்கும் சிரிப்பு வரட்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள்
மலர்


வோபர்ன்
21.02.2025

அன்பின் மலருக்கு,

சிரித்தேன். ஆனால் பிழையைப் பிழை என்று சொல்லத்தானே வேண்டும்.

புது இறைச்சியில் செய்தால் அது ஸ்டோவீஸே அல்ல. ஒரு இரவு கிடந்து ஆறினால்தான் இறைச்சிக்கு அந்தக் குணம் வரும். நல்லெண்ணெய் என்று கேட்டால் மிஸிஸ் மக்கே புதைகுழிக்குள் எழும்பி இருப்பா. திறந்ததால் ஆவி போயிற்று, கிளறியதால் கிழங்கு உடைந்தது. தூளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. எல்லாச் சாப்பாட்டுக்கும் தூள் போட்டால் எல்லாச் சாப்பாடும் ஒன்றாகத்தான் இருக்கும். இதைத்தான் உம்முடைய ஆட்டிறைச்சிக் கறிக்கும் நான் போன வருஷம் சொன்னேன்.

உமக்குக் கை நல்லது, பொறுமைதான் இல்லை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் சட்டி பிடித்தவன். இங்கே வாரும், பக்கத்தில் நின்று காட்டித் தருகிறேன். ஒரு மாதத்தில் பழகிவிடுவீர்.

அன்புடன்,
பத்மநாதன்


மார்க்கம்
26.02.2025

மதிப்புக்குரிய தலைமைச் சமையற்காரர் பத்மநாதன் அவர்களுக்கு,

என் பிழைகளை எண்ணி எழுதிய கடிதம் கிடைத்தது. எப்போது வருகிறாய் என்று கேட்கிறீர்கள், ஏன் போனாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

உங்களுக்கு எப்போதும் பின்னேர வேலை. நான் கறியை இறக்கும் நேரத்தில் நீங்கள் யாருக்கோ சமைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பங்கைக் கோப்பையில் போட்டு மூடி வைப்பேன். வந்து ஆறினதைச் சாப்பிடுவீர்கள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மிஸிஸ் மக்கே உங்களைத் தோளில் பிடித்துக் கதிரையில் இருத்தினா என்று எழுதியிருக்கிறீர்களே, நான் போட்டு வைத்ததை எங்கே இருந்து சாப்பிட்டீர்கள்? பாத்திரம் கழுவும் சிங்கடியில் நின்று, சப்பாத்தும் கழற்றாமல். களைப்பு என்று நானும் விட்டுவிட்டேன்.

நீங்கள் வேலையை விட்டதும் உங்களை இருத்திச் சுடச்சுடச் சோறு போட வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். சோறு, ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, நீங்கள் சாப்பிட நான் பக்கத்தில் நின்று பார்ப்பது. இவ்வளவுதான் என் ஆசை. அதற்கு எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?

வேலையை விட்ட மறுநாள் குசினிக்குள் வந்தீர்கள். கறியை ருசி பார்த்தீர்கள். "தள்ளும், நான் பாக்கிறன்" என்று என் கையிலிருந்த அகப்பையை வாங்கினீர்கள். அன்றையிலிருந்து அந்த அடுப்பில் நான் வைத்தது தேத்தண்ணீர் மட்டும்தான். உங்கள் ஒழுங்கில் அடுக்கின போத்தல்களுக்கு நடுவில் நான் விருந்தாளி போல நின்றேன். அழுகை வந்தது, இங்கே வந்துவிட்டேன்.

எனக்குச் சமையல் காட்டித் தர வேண்டாம். இனிக் கடிதமும் வேண்டாம்.

ஜெயமலர்


வோபர்ன்
10.03.2025

அன்பின் மலருக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர். பிரிக்காமல் மகளிடம் கொடுத்தாலும் சரி, எழுதத்தான் போகிறேன்.

உம்முடைய கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம். அடுத்த நாளும் கோபம். அதற்கடுத்த நாள் போத்தல்களில் ஒட்டியதையெல்லாம் உரித்துவிட்டு, குசினியை உம்முடைய பழைய ஒழுங்கில் அடுக்குவோம் என்று தொடங்கினேன். கடுகு அடுப்புக்கு வலப்பக்கம். உப்பு ஜன்னலடியில். அதற்குமேல் ஒன்றும் நினைவில்லை மலர். அந்தக் குசினியில் நின்றே அத்தனை வருஷம் சாப்பிட்டவனுக்கு மிளகாய்த்தூள் எந்தத் தட்டில் இருந்ததென்று தெரியவில்லை.

பிறகு உம்முடைய சிரட்டை அகப்பையைத் தேடினேன். சுவரிலுள்ள கொளுவியில் இல்லை, மேசை இலாச்சிக்குள் இல்லை. குப்பையில் போட்டுவிட்டேனோ என்று பயந்து வீட்டையே தலைகீழாகப் புரட்டினேன். கடைசியில்தான் விளங்கியது, நீர் கொண்டு போய்விட்டீர். இரண்டு கிழமைக்கு மகள் வீட்டுக்குப் போகிறவள் அகப்பையைக் கொண்டு போவாளா? ஐப்பசியிலிருந்து அந்தக் கொளுவி வெறுமையாக இருந்திருக்கிறது. நான் அதில் துவாயைத் தொங்கப் போட்டிருக்கிறேன்.

நேற்றும் ஸ்டோவீஸ் வைத்தேன். ஒரு பிழையும் இல்லை, ஆனால் தொண்டைக்குள் இறங்கவில்லை. மிஸிஸ் மக்கேயின் சட்டி ஏன் அப்படி ருசித்தது என்று சட்டிக்கு முன்னால் இருந்து யோசித்தேன். அது முதல்நாள் ஒரு கடை நிறையச் சனம் சிரித்துக் கதைத்துச் சாப்பிட்டு மிஞ்சிய இறைச்சி. நான் வைப்பது யாரும் சாப்பிடாமல் மிஞ்சியது. அதை எத்தனை மணித்தியாலம் மூடி வைத்தாலும் ருசி வராது.

நீர் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதைப் போனில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

இருபத்துமூன்றாம் திகதி ஞாயிறு மத்தியானம் ஒருக்கால் வாரும். நீர் சமையும். சாப்பாட்டு மேசையடியில் கதிரையைப் போட்டிருக்கிறேன். சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, சொன்ன இடத்தில் இருக்கிறேன். குசினிப் பக்கம் தலை வைத்தும் பார்க்க மாட்டேன். பின்னேரம் றூபன் வந்து உம்மைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகட்டும். நான் மறிக்க மாட்டேன்.

அன்புடன்,
உம்முடைய
பத்மநாதன்


மார்க்கம்
15.03.2025

அன்புள்ள அத்தானுக்கு,

மிளகாய்த்தூள் மேல்தட்டில், தேயிலைப் பேணிக்குப் பின்னால். நீங்கள் உயரம், உங்களுக்குத்தான் முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு வருகிறேன். இறைச்சி நீங்கள் வாங்கி வையுங்கோ, எலும்போடு வெட்டுவித்து வாங்குங்கோ. கறிதான் வைப்பேன். தூள் போட்டு, மூடியைத் திறந்து திறந்து, மனம் போலக் கிளறி. நீங்கள் கதிரையில் இருந்து சூடாகச் சாப்பிட வேண்டும். உப்புக் கூடினாலும் வாய் திறக்கக் கூடாது. மூடி திறக்காமல் இருக்க இனி நீங்களும் பழக வேண்டும்.

றூபன் பின்னேரம் வரட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். றஜிதா என் உடுப்புகளை மடித்துத் தந்தாள். ஆரணியைச் சனிக்கிழமைகளில் எங்களிடம் கொண்டுவந்து விடுவார்களாம்.

இறைச்சியைக் கூடுதலாகவே வாங்குங்கோ. இரண்டு பேருக்கு மிஞ்ச வேண்டும். மிஞ்சினால்தானே திங்கட்கிழமை நீங்கள் ஸ்டோவீஸ் வைக்கலாம்? எலும்பை எடுத்துவிட்டு அந்தக் கறி இறைச்சியிலேயே வையுங்கோ. மிஸிஸ் மக்கே ஏசினால் ஏசட்டும். அன்றைக்குக் கதிரை எனக்கு.

அகப்பை கொண்டு வருகிறேன். கொளுவியில் கிடக்கும் துவாயை எடுத்துவிடுங்கோ.

உங்கள்
மலர்