வெள்ளைச் சுக்கில் விரல் தடம்

மகள் ஒரு களிம்பு வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். குளிர் மாதங்களில் தோல் வறளாமல் இருக்க ஒரு நாளைக்கு மூன்று தடவை தடவ வேண்டுமாம். மூடியைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. அப்படியே மூடி வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் எதைத் தடவவும் அலுப்பாக இருக்கிறது. நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறதுடீ. இதை நீ படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

கொச்சியில் மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்குக்கு நாம் இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனோம். எழுபதுகளின் கடைசி அது. சுண்ணாம்பு நீரில் முக்கிக் காயவைத்த வெள்ளைச் சுக்கை நாள் முழுக்கத் தேய்த்துச் சுத்தம் செய்து தரம் பிரிக்க வேண்டும். மற்ற மாதங்களில் எப்படியோ சமாளிப்போம். தனு மாதத்தில், அதாவது மார்கழியில், கிழக்கிலிருந்து வறண்ட காற்று கிளம்பிவிட்டால் தீர்ந்தது. விரல் மடிப்பெல்லாம் வெடித்து, குழம்புச் சோறு பிசையும்போது உயிர் போகும். எண்ணெய் தடவிக்கொள்ளலாம், ஆனால் வேலை முடிந்த பிறகுதான். காலையில் எண்ணெய்க் கையோடு வரக்கூடாது என்பது கிடங்கின் சட்டம். கப்பலுக்குப் போகிற சரக்கு; எண்ணெய் பட்டால் வெள்ளைச் சுக்கில் மஞ்சளாக விரல் பதிந்துவிடும்.

மத்தியானம் ஆனால், "கையக் காட்டுடீ" என்று என் கையை இழுத்துக் கஞ்சித் தண்ணீரில் கழுவிவிடுவாய். உன் கையும் அதே லட்சணம்தான். அதை நீ யாரிடமும் காட்டியதில்லை.

அன்று காலை எனக்கு வலி தாங்கவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டு, பயத்தம் மாவு போட்டுக் கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நம் இருவருக்கும் நடுவில் இருந்த குவியலைக் கிளறிய மேஸ்திரி மஞ்சள் தடத்தைப் பார்த்துவிட்டு, "இதாருடெ கை?" என்று, யார் கை இது என்று கத்தினார். என் வாய் திறக்கவில்லை. வீட்டில் புருஷன் படுத்த படுக்கை, இரண்டு குழந்தைகள். நீதான் எழுந்தாய். "என் கைதான் சேட்டா. வெடிச்சுப் போச்சு, தடவிட்டேன்." அன்றே உன்னை நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து அழுதேன். "விடுடீ, எனக்கு ஒத்த வயிறு. எங்கயாச்சும் வேலை கிட்டும்" என்றாய். கிட்டியது, இறால் உரிக்கிற கொட்டகையில். ஐஸ் தண்ணீரில் கை வைத்தே உன் எண்பதுகள் போயின. அதன் பிறகு எந்தக் குளிர்காலத்திலும் உன் விரல்கள் ஆறவில்லை. பார்க்கிறேன் என்றால் முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாய்.

இதுவரை உனக்குத் தெரியும். மிச்சம் தெரியாது. அடுத்த வருஷம் கிடங்கில் ஆள் போதவில்லை. பழையதை விட்டாச்சு, உன் கூட்டுக்காரியை வரச் சொல் என்று மேஸ்திரியே என்னிடம் சொன்னார். நீ திரும்பி வந்தால் என்றைக்காவது பேச்சுவாக்கில் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். "அவளுக்கு நல்ல எடத்துல வேலை. வரமாட்டா" என்றேன்.

அந்த வாரமே நீ என்னை வழியில் நிறுத்தி, "கெடங்குல ஆள் எடுக்கறாங்களாடீ?" என்று கேட்டாய்.

"எடுக்கல."

நீ தலையாட்டிவிட்டுக் கொட்டகைக்கு நேரமாகிறது என்று நடந்தாய். ஒரு வார்த்தை சந்தேகமாகக் கேட்டிருந்தால்கூட அழுது சொல்லியிருப்பேன். நீ என்னை நம்பிவிட்டாய். அதை எங்கே இறக்கிவைப்பது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.